பூசையில் வைத்த மூன்று பெட்டிகள்

அந்தம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். மரியாதை, பாசம், நன்றி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நிலநடுக்கம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஐம்பது வயது இருக்கும். தெற்கத்திக்காரர். புவனகிரியை அடுத்து வெள்ளாற்றை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ப்பக்கம் ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். அந்த ஒன்றரை வருடமும் அவருக்கு வண்டி ஓட்டியவன் நான். பூமி ஆடுவதைப் பதிகிற பெட்டிகளுக்குக் குழி தோண்டியவன், பேட்டரி மாற்றியவன், அவர் பேசுவதை ஊருக்கும் ஊர் பேசுவதை அவருக்கும் புரிய வைத்தவன், எல்லாம் நான்தான். அதற்கு முன்னால் செம்மங்குப்பத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். அங்கேயே இருந்து தொலைத்திருக்கலாம்.

மேடம் என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் ‘நீங்க, வாங்க’தான். எதைச் சொன்னாலும் “எப்படித் தெரியும்?” என்று கேட்பார். அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் சர்வர் வந்து, “பொங்கல் சூடா இருக்கு மேடம்” என்றான்.

“தொட்டுப் பாத்தீங்களா?”

சர்வர் என்னைப் பார்த்தான். “அவுங்க அப்பிடித்தாம்பா, நீ எடுத்தா” என்றேன். பொங்கல் வந்தது, ஆறிப்போய். மேடம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவரை யாராவது ஏதாவது கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்வார். அதற்கு மேல் ஒரு எழுத்து சேர்க்க மாட்டார். “தெரியாது” என்று சொல்வதற்கு அந்தம்மாவுக்கு ஒரு துளி வெட்கம் கிடையாது. நம் ஊரில் வழி கேட்டால்கூடத் தெரியாது என்று எவனாவது சொல்வானா? ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்புவான். இவர் படித்த படிப்புக்கு, கூட்டத்தில் நின்று, மைக்கில், “எனக்குத் தெரியாது” என்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும்.

ஒருமுறை திருவதிகைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது பண்ருட்டியில் பலாப்பழம் வாங்க நிறுத்தினோம். வியாபாரி ஒரு பழத்தைத் தட்டிவிட்டு, “எடுத்துக்கினு போங்கம்மா, தேனு” என்றார்.

“உள்ள பாக்காம எப்படித் தெரியும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்ருட்டியில் நின்றுகொண்டு பலாப்பழக்காரரைக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு காயைத் தட்டிக் காட்டினார். “இது கேளுங்க, டங்குனு வருதா? காயி. இது பொத்துனு வருது பாருங்க. பழுத்துப் போச்சி.” மேடத்தின் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரை மணி நேரம் ஒவ்வொரு பழமாகத் தட்டித் தட்டிக் கேட்டார். “தம்பி, நான் செய்றதும் இதேதான். பூமி தானா ஆடும்போது வர்ற சத்தத்தை வெளியில ஒக்காந்து கேக்குறோம். உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறோம்” என்றார். அப்படி அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது ரெண்டு மூன்று தடவைதான். பழம் வாங்க மறந்துவிட்டோம்.

ஆனால் அந்தக் குணத்துக்கு இரக்கம் கிடையாது. கடலூரில் ஒரு மீனவர் குப்பத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சுனாமி ஏன் வந்தது என்று விளக்கினார். சுமத்ரா, அந்தமான் பக்கம் கடலுக்கடியில் பூமியின் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு சில விரற்கடை. நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும். நூறு வருஷமோ, ஆயிரம் வருஷமோ பொறுத்து, ஒரே நாளில் விட்டுக்கொடுக்கும். அப்போது மேலே கிடக்கிற கடலே எழும்பும். எல்லோருக்கும் புரிந்தது. ஒரு பெரியவர் எழுந்து, “அடுத்தது எப்பம்மா?” என்று கேட்டார்.

“தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“அப்பறம் இன்னாதான்மா தெரியும் உங்களுக்கு?”

“அங்க ஆடினா இங்க அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அது நல்லாத் தெரியும். ஓடுறதுக்கு அது போதும்.”

முன்வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் மெதுவாக, “அப்ப அன்னிக்கும் ரெண்டு மணி நேரம் இருந்திச்சா?” என்று கேட்டார்.

நான் மேடத்தை முறைத்தேன். இல்லையென்று சொல்லுங்கள், பேச்சை மாற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏதாவது செய்யுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். “இருந்துச்சும்மா. சொல்ல ஆள் இல்ல” என்றார். அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வண்டியை எடுத்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

சரி, எங்கள் ஊருக்கு அவர் ஏன் வந்தார் என்று சொல்ல வேண்டும். ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி வந்தது. எங்கெங்கிருந்தோ டேங்கர் லாரியில் கழிவுத் தண்ணீர் வரும். அதைப் பெரிய பம்பு வைத்து அழுத்தி, ஆழமான குழாய் வழியாகப் பூமிக்குள் இறக்குவார்கள். ஆறு மாதம் போனது. ஒரு நாள் அலமாரியில் பாத்திரம் கடகடவென்றது. அப்புறம் அடிக்கடி. என் அக்காவை எங்கள் ஊரிலேயேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவும் அக்காவும் கல்லும் மண்ணுமாகச் சுமந்து கட்டிய வீடு. அந்த வீட்டுச் சுவரில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு கோடு ஓடியது. “கம்பெனிக்காரன் தண்ணி எறக்குறதாலதான்” என்றது ஊர். “கட்டடம் சரியில்ல” என்றது கம்பெனி. இதற்கு ஒரு முடிவு சொல்லத்தான் மேடம் வந்தார்.

“பூமிக்குள்ள பழைய வெடிப்புங்க இருக்கும். ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிச்சிட்டு நிக்கும். அழுத்தித் தண்ணி எறக்கினா அந்தப் புடி தளர்ந்து வழுக்கலாம். வேற நாடுகள்ல நடந்திருக்கு” என்றார் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து.

“அப்ப இங்கயும் அதானே?” என்றார் மாமா.

“தெரியாது. அதுக்குத்தான் பெட்டி வைக்கிறேன்.”

நான்கு பெட்டி, நான்கு வீடு. ஒன்று அக்கா வீட்டு நெல் அறையில். இரண்டு பக்கத்து ஊர்களில். நான்காவது புவனகிரிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில். “ஒரு பெட்டி மட்டும் கேட்டா, ஆடுச்சுன்னு தெரியும், எங்க ஆடுச்சுன்னு தெரியாது. மூணு பெட்டியாவது ஒரே ஆட்டத்தக் கேட்டாத்தான் எடத்தச் சரியாப் புடிக்கலாம். அது அந்தக் குழாய்க்கு அடியிலயா இல்லையான்னு சொல்லலாம்” என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். “எதுக்காகவும் பெட்டிய நிறுத்தாதீங்க தம்பி” என்பதையும் நூறு தடவை. சின்னச் சின்ன ஆட்டங்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாம் பொடிப்பொடியாக, டிராக்டர் சத்தத்திலும் பம்பு சத்தத்திலும் கலந்து கிடந்தன. தெளிவாக ஒன்று கிடைக்க வேண்டும் என்று மேடம் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது.

ஆயுத பூசை வந்தது.

மேடம் ஏதோ கூட்டத்துக்காக ஐதராபாத் போயிருந்தார். செம்மங்குப்பத்தில் இருந்தவரைக்கும் ஆயுத பூசை அன்றைக்கு நான் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை. மெஷினை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, மறுநாள் காலையில்தான் ஓட விடுவோம். பூசையில் வைத்ததை ஓட்டினால் கை போகும் என்று பயம். அக்காவும் வந்து நின்றாள். “டிராக்டருக்கு வெக்கிறோம், மோட்டாருக்கு வெக்கிறோம். நம்ம செவுத்துக்காக சாட்சி சொல்லப்போற பொட்டி, அதுக்கு ஒரு பொட்டு வெக்கக்கூடாதா?” என்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. பொட்டு வைத்துவிட்டு ஓட விட்டிருக்கலாம். ஓட விட்டால் பூசை எப்படிப் பூசையாகும்? காலையிலேயே மூன்று வீட்டுக்கும் நானே போய், மூன்று பெட்டியையும் நிறுத்தி, துடைத்துக் குங்குமம் வைத்தேன். கிறிஸ்தவர் வீட்டுப் பெட்டியை மட்டும் தொடவில்லை. அங்கே எதற்குப் பூசை என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வந்ததில்லை. சன்ஷேடு உடைந்து விழுந்தது. சுவரில் இருந்த கோடு விரல் நுழைகிற அளவு பிளந்தது. அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் நெல் அறைக்கு ஓடினேன். பெட்டிக்கு முன்னால் படைத்திருந்த பொரி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. பெட்டி நெற்றியில் குங்குமத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் மேடம் வந்தார். குங்குமத்தைப் பார்த்தார். “எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு திட்டு இல்லை, முகம் சுளிப்புகூட இல்லை. அறைந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். “புரியலையாடா மடையா” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். குனிந்து, துணியை நனைத்து, குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியை ஓட விட்டார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனியைப் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். இடைப்பட்ட நாட்களில் கம்பெனிக்காரன் பம்பை ஓட்டவேயில்லை. ஒரு ஆட்டமும் இல்லை. எங்கள் ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. கூட்டத்துக்கு முன்னால் மேடத்தைத் தனியே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். “ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். உங்களுக்கே தெரியுமே அவன்தான்னு.”

“எனக்கு அப்படித் தோணுது. தோணுறது வேற தம்பி.”

மேடையில் அதிகாரி நேராகவே கேட்டார். இந்த அதிர்வு குழாயில் தண்ணீர் இறக்கியதால் வந்ததா?

“பம்பு நின்ன பிறகு ஆட்டமும் நின்னுருக்கு. அது சந்தேகத்துக்கு எடம் குடுக்குது. ஆனா அன்னைக்கு எந்த எடத்துல ஆடுச்சுன்னு எனக்குத் தெரியாது. முடிவு சொல்ல இது போதாது. இன்னும் ஆறு மாசம் வேணும்.”

கம்பெனி வக்கீலுக்கு ‘தெரியாது’ என்கிற வரை காது கேட்டது, அதோடு சரி. துள்ளிக்கொண்டு எழுந்தான். “நாலு கருவியில மூணு ஏன் ஓடல?”

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. “பராமரிப்புக்காக நான் நிறுத்தச் சொன்னேன்” என்றார்.

ஒன்றரை வருடத்தில் அந்த வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து, “நான்தான் நிறுத்தினேன்” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன், வெட்கம் கெட்டவன்.

வெளியே வரும்போது ஊர் சூழ்ந்துகொண்டது. “கம்பெனிக்காரன் ஆளு” என்றார்கள். “வேணும்னே நிறுத்தியிருக்கா” என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, “என் வீடு மாதிரியே நீயும் ரெண்டா பொளந்து போவடி” என்று சொல்லித் தூற்றினாள். மண் மேடத்தின் தலையிலும் கண்ணாடியிலும் விழுந்தது. நான் கார்க்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அது மட்டும்தான் செய்தேன்.

வண்டி கிளம்பியதும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைக் குத்தினேன். “எனக்காக ஒரு பொய் சொல்ல வருது இல்ல? ஊருக்காக ஒரு பொய் சொல்ல வரலையா? வாயில இன்னா வெச்சிருந்தீங்க?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

“பதில் சொல்லுங்க மேடம்!”

தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். “என்னைப் பத்தி நான் என்ன வேணா சொல்லிக்கலாம் தம்பி. பூமியப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது. குழாய்க்கு அடியிலதான்னு சொன்னா, எப்படித் தெரியும்னு அவன் கேப்பான். என்கிட்ட என்ன இருக்கு? நாளைக்கு நெஜமாவே பதிவு கெடைச்சா அதையும் நம்ப மாட்டான்.” கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க இந்த ஊர்ல இருக்கணும். நான் போயிருவேன்” என்றார்.

போயும் விட்டார். கருவியை அலட்சியமாக நிறுத்தியவர் என்று அவருடைய மேலிடமே எழுதி, வேலையைப் பாதியில் நிறுத்தியது. அந்த ஆறு மாதம் கிடைக்கவில்லை. பெட்டிகளை நான்தான் கட்டி ஏற்றினேன். கம்பெனி மறுபடி பம்பை ஓட விட்டு, இரண்டாவது குழாயும் இறக்கியது. மறுபடி ஆடுகிறது. கேட்க ஒரு பெட்டி இல்லை. ஊரில் எவனாவது அவரைத் திட்டும்போது நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். மூன்று வருடம் அப்படியே டீ குடித்தேன். அந்தம்மாமேல் கோபப்படுவது சௌகரியமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்குமே என்று சொல்லிச் சொல்லியே, என் வாயில் இருந்த ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

போன வாரம் அக்கா வீட்டில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். மறுபடி ஆய்வு வேண்டும், கருவி வைக்க வேண்டும் என்று கலெக்டருக்கு மனு. வார்டு மெம்பர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. நீட்டியதை வாங்கிப் படித்தேன். நடுவில் ஒரு வரி. மேடத்தின் பெயரைப் போட்டு, ‘கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, பூமி அதிர்ந்த அன்று கருவிகளை வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்’ என்று எழுதியிருந்தது.

“இந்த வரிய எடுங்க” என்றேன்.

“ஏன்?”

“நிறுத்துனது நான். ஆயுத பூசைக்கு நிறுத்துனேன். அவுங்க ஊர்லயே இல்ல.”

மாமாதான் முதலில் வாய் திறந்தார். “மச்சான், இப்ப எதுக்கு அத எடுக்குற? வெளிய தெரிஞ்சா மனு நிக்காது.”

“அந்தம்மா எங்கயோ கீது. பேரு இருந்துட்டுப் போனா இன்னா கொறைஞ்சிடும்?” என்றார் மெம்பர்.

“இன்னா கொறைஞ்சிடுமா? யோவ், நீ எழுதுனது பொய்யா இல்லையா, அத மட்டும் சொல்லு” என்று கத்தினேன். பேனாவைப் பிடுங்கி, அந்தப் பெயரைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தேன். மேலே என் பெயரை எழுதினேன். ‘வேண்டுமென்றே’வை அடித்துவிட்டு, ‘பூசைக்காக’ என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மெம்பர் எழுந்து போய்விட்டார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா அசையாமல் நின்றாள். “அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீதான்னு?”

“தெரியும். மறுநாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா நான் மண்ணு வாரிப் போட்டப்ப சும்மா நின்னாங்க?”

அக்கா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான் அடித்தாள். பிறகு கையை நீட்டினாள். “போனப் போடுடா.”

மூன்று வருடமாக அந்த நம்பரை நான் அழுத்தியதில்லை. மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார். “சொல்லுங்க தம்பி” என்றார், நேற்றுப் பேசி வைத்த மாதிரி. அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“யம்மா, நான் மண்ணு போட்டவ பேசுறேன்.”

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்பீக்கரில் அந்தக் குரல், எந்த மாறுதலும் இல்லாமல் கேட்டது. “சுவத்துல விரிசல் இப்ப எவ்வளவு அகலம் இருக்கும்மா?”

“ஜாஸ்தி ஆயிடிச்சிம்மா. கையே போவுது.”

“அளந்து பாத்தீங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் இது! ஒருத்தி அழுதுகொண்டு நிற்கிறாள், இதுவா கேட்கிற கேள்வி? போனை வாங்கி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“இருங்கம்மா, அளந்து சொல்றேன்” என்றாள். என்னைப் பார்த்து, “பாத்துக்கினு நிக்கிறான் பாரு. புள்ளைங்க பைல ஸ்கேல் இருக்கும், எடுத்தாடா” என்றாள்.